மாத்திரையும் எலும்பும்
(மகளிர் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையும் கிணறும் பள்ளிக் கட்டடமுமே நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள். இன்று எலும்பைப் பற்றிப் பேச வந்துள்ளோம். காரணம் உண்டு.

எச்.ஐ.வி. கிருமிக்கு மருந்துண்டு நலமாயிருந்த ஒரு சகோதரியை நாம் அறிவோம். இடுப்பில் வலி கண்டது. "அந்த மாத்திரை எலும்பைக் கரைத்துவிடும்" என்று யாரோ சொல்ல, மருந்தையே விட்டுவிட்டார். சில மாதங்களில் காசநோய் பற்றிப் படுக்கையில் வீழ்ந்தார்.

அவர் கேட்டது முழுப் பொய்யன்று. 2004ஆம் ஆண்டு முதல் அரசு இலவசமாக வழங்கிவரும் இச்சிகிச்சையில், இன்று பெரும்பாலோர் உண்ணும் மாத்திரையில் டெனோபோவிர் என்னும் மருந்து சேர்ந்துள்ளது. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கும் இது தரப்படுகிறது. வாய்க்காலின் கரை கசிந்தால் வயலுக்குரிய நீர் வீணாவதுபோல, சிலருக்கு இம்மருந்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதுற்று, எலும்புக்குரிய பாஸ்பேட் உப்பு சிறுநீரோடு வெளியேறுகிறது. பொதுவாகச் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 100க்கு 2 முதல் 6 பங்கு வரை குறைகிறது. பின்னர் பெரும்பாலும் நிலைபெறுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களும் உடல் மெலிந்தோரும் கூடுதல் கவனமாயிருத்தல் வேண்டும்.

மருந்தை நிறுத்துவது இதற்குப் பரிகாரமாகாது. நிறுத்தினால் கிருமி பெருகும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்க்குக் கல்லீரல் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும். ஓயாத எலும்பு வலியோ, எழுந்து நடக்கத் தளர்ச்சியோ கண்டால் சிகிச்சை மையத்து மருத்துவரிடம் தயங்காது சொல்லுங்கள். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, வேண்டுமாயின் அவரே மருந்தை மாற்றுவார். எலும்புக்கு ஊறு குறைந்த டெனோபோவிர் வகை 2015 முதல் உலகில் வழக்கத்திற்கு வந்துள்ளது.

நம் கையில் உள்ளவையும் உண்டு. கேழ்வரகும் மோரும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் சுண்ணாம்புச் சத்துத் தருவன. உடலில் வெயில் படட்டும். நாள்தோறும் நடத்தல் நன்று. புகையும் மதுவும் எலும்புக்குப் பகை.

இறுதியாக ஒன்று. ஒருவரது நோயை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அச்சமின்றி மருத்துவரை நாட அண்டை வீட்டார் இடமளித்திருந்தால், அச்சகோதரி மருந்தை விட்டிருக்கமாட்டார். பிறர் நோயைப் பற்றிப் பேசாதிருப்பதும் கிராமத் தொண்டேயாகும்.