ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்

(ஒன்றிய அளவிலான பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் திட்டங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்ட வேண்டியதுதான். காலைச் சிற்றுண்டியைக் குறை சொல்ல இந்த மேடையில் ஒருவரும் இல்லை. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கினார்கள். 1956-இல் காமராசர் அதைப் பெரிதாக்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். கலைஞர் முட்டை வைத்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் 1,545 பள்ளிகளோடு காலை உணவு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து 31,008 பள்ளிகளுக்குப் போனது. இங்கே எந்தக் கட்சி வேட்டி கட்டியவர் உட்கார்ந்திருந்தாலும் இந்தச் சோற்றில் அவருக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. காலை உணவுத் திட்டத்தை அறிவித்தபோது அரசு முதலில் என்ன செய்தது? சமைக்க ஆள் பார்த்தது. மகளிர் குழுவில் இருக்கும் பெண், அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய் என்று தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, அடுப்பும் பாத்திரமும் கொடுத்து, அதற்குப் பிறகுதான் உலை வைத்தார்கள். அரிசியையும் ரவையையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, "பொங்கல் தானாகப் பொங்கிக்கொள்ளும்" என்று யாரும் சொல்லவில்லை. சோற்றில் தெரிந்த இந்த நியாயம் பாடத்தில் மட்டும் ஏன் தெரியாமல் போனது?

அடுக்களையில் ஆள் இருக்கிறார். வகுப்பறையில் ஆள் இல்லை. இதைத்தான் நான் பேசப் போகிறேன்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகள் எழுத்தை மறந்து வந்து நின்ற நேரம் அது. 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குச் செய்ய வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. அடுத்த ஆண்டே நான்காம், ஐந்தாம் வகுப்புக்கும் நீட்டினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று படி பிரித்து, பிள்ளை எந்த வகுப்பில் பேர் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லிக்கொடு என்கிறது திட்டம். நல்ல யோசனை. நான் மனமாரச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு முதல் வகுப்பு எழுத்தே தெரியாமல் முழிக்கும் பிள்ளையை அவமானப்படுத்தாமல் கைப்பிடித்து ஏற்றுகிற யோசனை.

ஆனால் அய்யா, ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமே, அதற்குப் பார்க்கிற கண் எத்தனை?

நம் ஒன்றியத்தில் பாதிக்குமேல் ஈராசிரியர் பள்ளிதான் என்பது உங்களுக்கே தெரியும். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். காலை பத்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் ஒரே அறையில். ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பலகையில் 'அ' போடுகிறது. சுழி எதிர்ப்பக்கம் போகிறது, விரலைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். நடுவில் இரண்டாம் வகுப்பு, 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் கொம்பு எங்கே என்று சண்டை போடுகிறது. சுவரோரம் மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தலில் வாங்கிய கடனைத் திருப்பாமல் விடை எழுதிக்கொண்டிருக்கிறது. டீச்சர் அந்தச் சின்ன விரலைப் பிடித்த நேரத்தில் செல்போன் அடிக்கிறது. "எமிஸ் இணையதளத்தில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது, பதினோரு மணிக்குள் ஏற்றிவிடுங்கள்." விரலை விட்டுவிட்டுப் போனை எடுக்கிறார். சுழி எதிர்ப்பக்கமே போய்விட்டது. அந்தச் சுழியைத் திருத்தத்தான் மறுபடி கோடிக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள்!

இது அந்த டீச்சருடைய சோம்பல் என்று பேசுகிறவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். டீக்கடையில் பேசுகிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணை, தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 4 மணி நேரம். அதாவது 240 நிமிடம். இரண்டு ஆசிரியர் என்றால் 480 நிமிடம். இதை ஐந்து வகுப்புக்கும் பங்கு போட்டால் ஒரு வகுப்புக்கு 96 நிமிடம். ஒன்று, இரண்டு வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடம். பாடத்துக்கு 24 நிமிடம். மூன்று, நான்கு, ஐந்துக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி, ஐந்து பாடம். பாடத்துக்கு 19 நிமிடம். இதுவும் இருவரும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், பயிற்சிக்குப் போகாமல், தேர்தல் வேலைக்குப் போகாமல், போனைத் தொடாமல் இருந்தால். சட்டம் கேட்கிற 800 மணி நேரத்தில் ஒவ்வொரு குழந்தையும் 480 மணி நேரம் தனக்கென்று ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தில் மூன்று பங்கு! அந்த மூன்று பங்கு நேரம் எழுதிய பாடத்தைத் திரும்ப எழுதியே போகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், இது சட்டவிரோதம்கூட இல்லை. அதே சட்டத்தின் அட்டவணை 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது. 60 தாண்டினால் 3. 90 தாண்டினால் 4. ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் வேண்டுமானால் பள்ளியில் 121 பிள்ளைகள் இருக்க வேண்டும். நம் ஊர்களில் 121 பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளி எது? கை தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா! டில்லியில் உட்கார்ந்து பிள்ளைகளைத் தலைக்கணக்கு எண்ணியவர்கள், வகுப்பை எண்ண மறந்துவிட்டார்கள். முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த முப்பது பேரும் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை ஐந்து வகுப்பில் சிதறிக் கிடந்தால்?

உடனே அதிகாரிகள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். "பல்வகுப்புக் கற்பித்தல் உலகம் முழுக்க இருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் அட்டைகளை வைத்துச் செய்து காட்டினார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, 2007-இல் மாநிலம் முழுக்கப் போனதே." போனது. எனக்கும் தெரியும். தரையோடு தரையாகச் சுவரில் கரும்பலகை அடித்து, பிள்ளைக்கென்று தனி இடம் ஒதுக்கிய அழகை இன்றைக்கும் பல பள்ளிகளில் பார்க்கலாம். அந்த முறையைக் கொண்டுவந்தவர்கள், பிள்ளைகள் வேறுவேறு வேகத்தில் கற்கிறார்கள் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். நிதித்துறைக்குச் சம்பளம் மிச்சம் பிடித்துக் கொடுப்பதற்காகக் கொண்டுவரவில்லை. அட்டை எடுத்துக் கொடுக்கும், பாடம் காட்டும். அழுகிற பிள்ளையின் மூக்கைத் துடைக்குமா?

பாடத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவை? ஓவியம், பாட்டு, விளையாட்டுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. யாருக்கு? ஆறு முதல் எட்டு வகுப்புக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஏழு வயதுக் குழந்தைக்கு ஓட்டமும் தாளமும் தேவையில்லை என்று எந்த ஞானி கண்டுபிடித்தாரோ! கலைத் திருவிழாவைத் தொடக்க வகுப்புக்கும் கொண்டுவந்தார்கள், மகிழ்ச்சி. கரகம் ஆடப் பழக்குவது யார்? அதே டீச்சர். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கென்று ஊஞ்சல் என்ற இதழ் வருகிறது. நல்ல தாள், நல்ல படம். வாசிப்பு இயக்கத்தில் கையடக்கக் கதைப் புத்தகங்கள் வந்தன. அந்தக் கட்டைப் பிரித்துப் பிள்ளையின் மடியில் வைத்து, "எங்கே, வாசி கேட்போம்" என்று பக்கத்தில் உட்கார நேரம் யாருக்கு இருக்கிறது? பல பள்ளிகளில் அந்தப் புத்தகம் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. கிழிந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே!

இப்போது பெற்றோர்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. டை கட்டிய பிள்ளை ஏறுகிறது. அடுத்த வீட்டுக்காரர் பார்க்கிறார். மறு வருடம் அவர் பிள்ளையும் ஏறுகிறது. ஆகஸ்ட் முதல் தேதி வருகிறது. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் இந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று துறை நிர்ணயிக்கும். அறுபத்தொன்று ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. மூன்றாவது ஆசிரியர் 'உபரி'. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே இல்லை" என்று இன்னும் ஐந்து பேர் வேனில் ஏற்றுகிறார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளை போகிறது. பிள்ளை போனதால் ஆசிரியர் போகிறார். இந்தச் சுற்றின் கடைசியில் பள்ளிக்குப் பூட்டு.

இந்தச் சுற்றை யார் முதலில் அறுப்பது? பெற்றோர்தான் அறுக்க வேண்டும் என்று பல மேடைகளில் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கூலிக்குப் போகிற ஒரு தாய், தன் பிள்ளையின் ஒன்றாம் வகுப்பைப் பணயம் வைத்து அரசுப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. அந்த வகுப்பு திரும்ப வராது. முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது அரசு. பிள்ளை குறைந்தாலும் ஆசிரியரை எடுக்காதே. வகுப்புக்கு ஒருவரை நிறுத்து. பிறகு பார், வேன் காலியாக வருகிறதா இல்லையா என்று. (மேடையில் இருக்கும் சில ஆசிரியர்களின் வீட்டு வாசலிலும் அந்த வேன் நிற்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.)

ஆசிரியர் இல்லை என்று சொல்ல முடியுமா? பயிற்சி முடித்து, தகுதித் தேர்வில் தேறி, சான்றிதழை மடித்து வைத்துக்கொண்டு ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தகுதித் தேர்வு போதாது, நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு என்று 2018-இல் அரசாணை 149 போட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு அந்தத் தேர்வை 2024 ஜூலையில்தான் நடத்தினார்கள். 1,768 இடம் என்று அறிவித்து, பிறகு 1,000 கூட்டினார்கள். மொத்தம் 2,768. காலை உணவு போன 31,008 பள்ளிகளுக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். பத்துப் பள்ளிக்கு ஒருவர்கூட வரவில்லை. நடுவில் 2022-இல் மேலாண்மைக் குழுவே தற்காலிக ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது சொன்ன மாதச் சம்பளம் 7,500 ரூபாய். நாளுக்கு 250. எந்தச் சித்தாள் இந்தக் கூலிக்கு வருவார்?

பணம் இல்லை என்று கோட்டையில் சொல்வார்கள். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா கல்வித் திட்ட நிதி 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஒத்துக்கொள் என்றது. ஒரு கொள்கையில் உடன்பாடு இல்லை என்பதற்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பணத்தைப் பிடித்து வைப்பது அடாவடி. அதைக் கண்டிக்கும் ஊர்வலத்தில் நானும் முன்வரிசையில் வருவேன். ஆனால் ஈராசிரியர் பள்ளி 2024-இல் முளைத்ததா? டில்லி பணம் தந்த காலத்திலும் இதே இரண்டு பேர்தானே இருந்தார்கள்? டில்லியின் அடாவடியைக் காட்டிக் கோட்டை தப்பிக்க முடியாது.

தாய்மார்களே, உங்களுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் இந்தக் குழு என்று நினைத்துவிடாதீர்கள். குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் உரிமையைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. இதுவரை அதில் என்ன எழுதினோம்? சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி. எல்லாம் வேண்டியவைதான். வரும் கூட்டத்தில் அவற்றுக்கு மேலே, முதல் வரியாக, நம் பள்ளியில் ஐந்து வகுப்பு இருக்கிறது, ஐந்து ஆசிரியர் வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாவது வரியாக, ஆகஸ்ட் கணக்கைக் காட்டித் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒருவரையும் உபரி என்று எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் இருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக எழுதினால் அப்படியே அனுப்புங்கள். காரணம் என்ன என்று மேலிடத்துக்குப் புரியட்டும்.

ஒரு பள்ளியிலிருந்து போனால் கோப்பில் கட்டி வைப்பார்கள். ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் ஒரே வாரத்தில், ஒரே வாசகத்தில் போக வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்ட நகல் ஒவ்வொரு குழுவிடமும் இருக்க வேண்டும். தீர்மானத்தின் வாசகம் தயாராக இருக்கிறது. அதை முன்மொழிய, இந்த ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியை ஒலிபெருக்கிக்கு அழைக்கிறேன். வாருங்கள் அம்மா, சத்தமாகவே படியுங்கள்.