காய்வதும் இறுகுவதும்



34 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான், பள்ளி ஆய்வகத்தில் எண்ணற்ற முறை சொன்ன சொல் ஒன்று உண்டு: "அளக்காமல் ஊற்றாதே." ஓய்வு பெற்ற பின்னர் அச்சொல்லை நானே மீறினேன். அதனால் ஒரு தூண்டிற்கோல் கெட்டது. அதனினும் பெரிய ஒன்றும் கெட இருந்தது. அந்த நிகழ்ச்சியையும் அதனுள் அடங்கிய வேதியியலையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

தூண்டிற்கோலைக் கையால் செய்வது பழைய கலை. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கிக் கம்மியர், மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். அக்காலத்துக் கோல்களுக்கு நம் நாட்டிலிருந்து சென்ற மூங்கிலே பயன்பட்டது. 'கல்கத்தா மூங்கில்' என்பது அதன் வணிகப் பெயர். இன்று கண்ணாடி இழையும் கார்பன் இழையும் மூங்கிலின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆயினும் ஒரு வேலை மாறவில்லை. தூண்டில் நரம்பு ஓடுவதற்குரிய வளையங்களைக் கோலின்மேல் வைத்து, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்நூற்கட்டின்மேல் ஒரு பூச்சுப் பூச வேண்டும். முன்னர் வார்னிஷ் பூசினர். இப்பொழுது பெரும்பாலோர் எபாக்சி பூசுகின்றனர்.

வார்னிஷில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போகின்றது. எஞ்சிய எண்ணெயும் பிசினும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படுகின்றன. இதனைக் காய்தல் என்கிறோம். எபாக்சியோ அவ்வாறு காய்வதில்லை. அது பிசின், கடினமாக்கி என்னும் இரு திரவங்களாக வரும். இரண்டையும் கலந்தால் அவை தம்முள் வினைபுரிந்து திண்மமாக இறுகுகின்றன. காற்றுப் புகாத இடத்திலும் அவை இறுகும்.

செயற்கைப் பற்களுக்கு ஏற்ற பொருளைத் தேடிய சுவிட்சர்லாந்து வேதியியலார் பியர் காஸ்டன், 1930களில் இப்பிசினைப் பற்றி ஆராய்ந்தார். அதன் வழியாக வந்ததே, 1946இல் சிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய அரால்டைட் என்னும் பசை. நம் வீடுகளில் உடைந்த பொருள்களை ஒட்டும் அப்பசையும், தூண்டிற்கோலின் பளபளப்பான பூச்சும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேரனுக்காக ஒரு கோல் செய்யத் தொடங்கினேன். கோலும் வளையங்களும் எபாக்சியும் என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியவை. பிசினும் கடினமாக்கியும் சம அளவு கலக்க வேண்டும் என்று புட்டியில் அச்சிட்டிருந்தது. மழை விடாது பெய்துகொண்டிருந்தமையால் விரைவில் இறுகட்டும் என்று எண்ணிக் கடினமாக்கியைக் கண்ணளவில் சற்றுத் தாராளமாகவே ஊற்றினேன். பாலுக்கு உறைமோர் கூடினால் தயிர் விரைந்து தோயும் அன்றோ? அதுபோலவே இதுவும் என்பது என் எண்ணம்.

மூன்று நாள் சென்றும் பூச்சு விரலில் ஒட்டியது. ஒரு வாரத்தில் அதன்மேல் தூசி படிந்தது. நரம்பை இழுத்துப் பார்த்தபொழுது ஒரு வளையம் சற்றே திரும்பியும்விட்டது.

"ஏன் தாத்தா இறுகவில்லை?" என்று பேரன் கேட்டான்.

"மழை ஈரம், அப்பா" என்றேன்.

அவன் தன் அறிவியல் குறிப்பேட்டை எடுத்து, "மழைக்காலத்தில் எபாக்சி இறுகாது" என்று எழுதிக்கொண்டான். என் சொல்லை ஐயுற அவனுக்குத் தோன்றவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஈரக் காற்றில் சிலவகைக் கடினமாக்கிகளால் பூச்சின்மேல் பிசுபிசுப்பான படலம் தோன்றுவது உண்மையே. ஆனால் நான் அளக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் அவனிடம் மறைத்தேன்.

மறுநாளும் மழைதான். இரண்டு சிறு தகர மூடிகளை எடுத்தேன். ஒன்றில் 3 மில்லிலிட்டர் பிசினும் 3 மில்லிலிட்டர் கடினமாக்கியும் சிரிஞ்சால் அளந்து ஊற்றினேன். மற்றொன்றில் பிசின் அதே அளவு. கடினமாக்கியை மட்டும் முன்போல மிகுத்தேன். இரண்டையும் ஒரே நேரம் கலக்கி, ஒரே மேசையில் வைத்தேன். சில நாள்களில் முதல் மூடியில் இருந்தது நகம் பதியாதவாறு இறுகியது. இரண்டாவது ஒட்டிக்கொண்டே இருந்தது. மழை இரண்டிற்கும் பொதுதானே! குற்றம் மழையுடையதன்று.

காரணம் என்ன? பிசின் மூலக்கூறின் நுனிகளில் இரு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த முக்கோண வளையங்கள் உள்ளன. கடினமாக்கியில் நைட்ரஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அத்தகைய ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் ஒரு வளையத்தைத் திறந்து பிணைப்பை உண்டாக்குகின்றது. கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இணை கிடைத்தால்தான் பின்னல் அமையும். ஒரு பக்கம் ஆள் மிகுந்தால், இணையற்றவர் நடுவில் நின்று பின்னலைக் குலைப்பர். உறைமோரில் உள்ள நுண்ணுயிர் பாலில் தானே பெருகும். கடினமாக்கி பெருகுவதில்லை, செலவாகின்றது. ஆகவே எத்தனை நாள் காத்திருந்தாலும் தவறான அளவு சரியாகாது.

விரைவு வேண்டுவோர் கூட்ட வேண்டியது மிதமான வெப்பத்தை, கடினமாக்கியை அன்று. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. கலவையை ஆழமான கிண்ணத்தில் விட்டுவைத்தால் வினையின் வெப்பம் உள்ளேயே தங்கி, பூசுமுன்பே கெட்டியாகிவிடும். அகன்ற தட்டில் பரப்பினால் நேரம் கிடைக்கும். கலக்கும்பொழுது அடியையும் ஓரத்தையும் வழித்து, குமிழி எழாதவாறு மெதுவாகக் கலக்க வேண்டும். பூசிய பின்னர், திரவம் ஒரு பக்கமாக வழியாதிருக்க, கோலைச் சில மணி நேரம் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகாத எபாக்சி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுதும் தொடரலாம். ஆதலால் கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதவை.

பேரனை அழைத்து இரு மூடிகளையும் காட்டினேன். "நான் அளக்கவில்லை, மழைமேல் பழி போட்டேன்" என்றேன். அவன் இரண்டையும் விரலால் தொட வந்தான், கையுறையைக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துக் கீழே எழுதினான்: "அளவு தவறினால் எபாக்சி இறுகாது. சோதித்துப் பார்த்தது."

பின்னர் இருவரும் அமர்ந்தோம். கோலில் கீறல் விழாதபடி, வளையத்தின் உலோகக் காலின்மேல் மட்டும் கத்தியை வைத்துப் பழைய நூலை அறுத்தெடுத்தோம். புதிய நூல் சுற்றினோம். இம்முறை சிரிஞ்சைப் பிடித்து அளந்தவன் அவன். நான் அளவுக் கோட்டைப் பார்த்துச் சரி சொன்னேன்.

மாணவச் செல்வங்களே, பெரியவர்கள் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், தவறில்லை. அதன் கீழே சோதனைக்காக ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.