வி.பி.என். போட்ட பிறகும் வெளியே போகும் கேள்விகள்



சென்னைப் புறநகர் நாவலூரில் இருட்டிய பிறகு அடுக்குமாடி வீடுகளுக்குள் இன்னொரு ஷிஃப்ட் தொடங்கும். அமெரிக்காவில் பொழுது விடியும் அந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறப்பவர்கள் முதலில் செய்வது வி.பி.என். இணைப்பது. 2020 மார்ச் ஊரடங்கு, சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா அலுவலகங்களை வீட்டுக்கே கொண்டுவந்தபோது ஏற்பட்ட பழக்கம் இது. ‘கனெக்டட்’ என்று திரையில் வந்தால் நிம்மதி. ஆனால், பாதுகாப்பான பாதை திறந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எல்லாம் அந்தப் பாதையில்தான் போகிறதா என்று சொல்வதில்லை.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அதற்குரிய ஐ.பி. எண் என்ன என்று கணினி ஒரு சர்வரைக் கேட்கும். 1983-ல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறை இது. பூட்டு எதுவும் இல்லாமல், வழியில் இருப்பவர் படிக்கும்படியாகவே பல இணைப்புகளில் இந்தக் கேள்வி இன்றும் போகிறது. வி.பி.என். ஓடும்போது இதுவும் அதற்குள்தான் போகவேண்டும். அப்படிப் போகாமல், வீட்டுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் சர்வரைப் போய்க் கேட்டால் அதுதான் டி.என்.எஸ். லீக், அதாவது கசிவு. கண்ணாடிக்குத் திரை போட்ட காரில் உட்கார்ந்துகொண்டு, போகவேண்டிய இடத்துக்குத் தெருமுனையில் சத்தமாக வழி கேட்பது போல. அங்கே போய் என்ன பேசினீர்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கே போனீர்கள் என்று தெரிந்துவிடும். இரவில் ஒருவர் எந்த நோய்க்கான மருத்துவமனையைத் தேடினார், எந்த வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். அதனால்தான் இதை நான் சின்னக் கோளாறாக நினைக்கவில்லை.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. பதில் சீக்கிரம் வரட்டும் என்று, ஒரே கேள்வியை இருக்கிற எல்லா இணைப்புகளிலும் அனுப்பும் வழக்கம் விண்டோஸ் 8-லிருந்து வந்தது. இதைத் தடுக்க 2015-ல் ஓபன் வி.பி.என். மென்பொருள் தனியாக ஓர் அமைப்பையே சேர்க்க வேண்டியிருந்தது. சில வி.பி.என்.கள் பழைய ஐ.பி.வி.4 போக்குவரத்தை மட்டும் கவனித்து, புதிய ஐ.பி.வி.6-ஐ விட்டுவிடும். பணம் கட்டி வாங்கினாலும் இந்தத் தொல்லை வரலாம்: எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னின் விண்டோஸ் செயலியில், சில செயலிகளை மட்டும் வி.பி.என். வழியாக அனுப்பும் ஸ்ப்ளிட் டனலிங் வசதியைப் பயன்படுத்திய சிலருடைய கேள்விகள் வெளியே போனது 2024 பிப்ரவரியில் தெரியவந்து, அந்த வசதியையே நிறுவனம் தற்காலிகமாக எடுத்தது.

சோதிப்பது எளிது. வி.பி.என். இல்லாமல் ஒரு முறை, இணைத்த பிறகு ஒரு முறை, டி.என்.எஸ். லீக் டெஸ்ட் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதுவரை யாரும் கேட்டிராத சில பெயர்களை அந்தத் தளம் உங்கள் பிரவுசரைத் தேடவைக்கும். புதுப் பெயர் என்பதால் எந்த சர்வரிடமும் பதில் தயாராக இருக்காது. கேள்வி அந்தத் தளத்தின் சர்வர் வரைக்கும் வந்தே ஆகவேண்டும். கேட்டு வந்த சர்வர் யாருடையது என்று அது பட்டியல் போடும். இரண்டாவது பட்டியலிலும் வீட்டு இணைப்பு நிறுவனத்தின் பெயர் இருந்தால், கசிகிறது.

பட்டியலில் நாட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். வாடிக்கையாளர் விவரங்களை வி.பி.என். நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அதன் பிறகு சில நிறுவனங்கள் இந்திய சர்வர்களை எடுத்துவிட்டு, இந்திய முகவரியை வெளிநாட்டிலிருந்தே தருகின்றன. எனவே நாடு மாறித் தெரிவது இயல்பு. கூகுள், கிளவுட்ஃபிளேர் என்று வந்தால் பிரவுசரின் ‘செக்யூர் டி.என்.எஸ்.’ அமைப்பைப் பாருங்கள். அங்கே நீங்களே தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம்.

இந்தச் சோதனை பதில் தேடிய சர்வரைத்தான் காட்டும், கேள்வி போன பாதையை அல்ல. பாதையைப் பார்க்க வயர்ஷார்க் என்ற மென்பொருள் இருக்கிறது. வி.பி.என். ஓடும்போது வைஃபை இணைப்பைக் கவனித்தால், டி.என்.எஸ். கேள்விகள் போகும் போர்ட் 53-ல் இணையதளப் பெயர் எதுவும் தெரியக்கூடாது.

சொந்தக் கணினியில் கசிவு தெரிந்தால் வி.பி.என். செயலியைப் புதுப்பியுங்கள், ஸ்ப்ளிட் டனலிங்கை நிறுத்துங்கள், அதிலுள்ள டி.என்.எஸ். பாதுகாப்பு அமைப்பை இயக்குங்கள், மறுபடி சோதியுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் கை வைக்காதீர்கள். அலுவலகப் பெயர்கள் மட்டும் வி.பி.என். வழியாகவும் மற்றவை வீட்டு இணைப்பிலும் போகும்படி நிர்வாகமே வைத்திருக்கலாம். அலுவலகத்தின் உள்சர்வர் பெயர்கள் வெளியே போவதாகத் தெரிந்தால் மட்டும், அன்றைக்கே ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போடுங்கள்.