கேள்வி கேட்கும் படிப்பு

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளில் சிலர் உயிர்மருத்துவ அறிவியலில் பட்டம் பெற்று வருகிறார்கள். இனி வேலைக்குப் போக வேண்டியதுதானே என்கிறோம் நாம். பிள்ளையோ, ஆராய்ச்சி செய்து முதுநிலைப் பட்டமும் பெற வேண்டும் என்கிறது. வீட்டில் சண்டை பிறக்கிறது. அது என்ன படிப்பு என்று அறிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

இதில் வகுப்பறைப் பாடம் குறைவு. மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அதைப்பற்றி முன்பு எழுதியவற்றைப் படிக்கிறார். மேற்பார்வையாளர் துணையுடன் சோதனைக்கூடத்தில் மாதக்கணக்கில் உழைக்கிறார். மனித இரத்தம் எடுப்பதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், கொடுப்பவரின் சம்மதமும் வேண்டும். கண்டதை ஆய்வேடாக எழுதித் தேர்வாளர்முன் நிலைநாட்ட வேண்டும். இரண்டாண்டு எளிதில் ஓடிவிடும்.

இதனால் நமக்கென்ன? இந்நாட்டின் சரித்திரத்தைப் பாருங்கள். 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. பெரிபெரி நோய் தொழிலாளரை வாரிக்கொண்டு போன காலம் அது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இருதயம் ஓய்ந்துவிடும். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்க்கு அந்நோய் அரிதாயிருந்தது. டாக்டர் பிராடன் இவ்வேற்றுமையைக் கண்டு 1907-இல் நூல் எழுதினார். 1905-06-இல் டாக்டர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தனர். அந்நாளில் நெறிமுறைக் குழு ஏது? பின்னர் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும், தீட்டிக் கழிக்கும் தவிட்டிலேதான் காக்கும் பொருள் உண்டென்று காட்டினர். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

தோழர்களே! நெல்லை அவித்தவர் நம் பாட்டிமார். சோற்றை உண்டவர் நம் பாட்டன்மார். ஏன் என்று கேட்டு விடை கண்டவர் வேறொருவர்.

இன்றும் கேள்விகள் காத்திருக்கின்றன. பாராகுவாட் களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அதைத் தெளித்த நம் பெண்களின் உடல்நிலை என்ன? இந்நாட்டில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்று தேசியக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஏன்? லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இக்கேள்விகள் புத்தகத்தில் வர வேண்டியதில்லை. தாயின் காலில் ஆறாத புண்ணாக முன்னே நிற்கின்றன.

இரண்டாண்டு சம்பளம் வீட்டுக்கு வராதது சுமைதான், மறைக்க வேண்டாம். ஆகையால் மூன்று காரியம் செய்வோம். பிள்ளைகள், மேற்பார்வையாளரிடம் ஆராய்ச்சி மானியம் உண்டா, அதிலிருந்து மாதப்படி கிடைக்குமா என்று சேருமுன்னே விசாரிக்கட்டும். பெற்றோர், பெண் பிள்ளையானாலும் தடுக்காதிருக்கட்டும். கிளைச் சங்கம் கல்வி நிதிக்கு இன்றே தீர்மானம் போடட்டும்.

படித்து முடித்த பிள்ளை இதே மேடைக்கு வந்து, தான் கண்டதை நமக்குத் தமிழில் சொல்லட்டும். அதுவே நாம் கேட்கும் வட்டி.