எல்லைப்புறத் தொடக்கப் பள்ளியும் அதன் தரமும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியை, ஹனூர் வட்டாரத்தை முன்வைத்துக் கூற விழைகின்றேன். அப்பகுதி முன்னர்க் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது. கொள்ளேகாலோ கோயமுத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது அவ்வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த ஹனூர், இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் தனி வட்டமாக விளங்குகின்றது. மார்ட்டள்ளி, கோபிநத்தம் முதலிய ஊர்களின் தமிழர் அன்று வீடு பெயரவில்லை, எல்லையே பெயர்ந்தது.

இப்பிரிவு நிகழ்ந்து ஈராண்டு கழிவதற்குள், சென்னை மாநிலத்தில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, முதலமைச்சர் காமராசரின் ஆதரவோடு 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். பள்ளியின் குறைகளைப் பட்டியலிட்டு ஊராரிடம் வைப்பார்கள். பலகை, இருக்கை, சீருடை, கட்டடம் எனத் தம்மால் இயன்றதை ஊரார் அளிப்பார்கள். அரசின் பள்ளி என்று ஒதுங்கி நின்றவர்கள் எங்கள் பள்ளி என்று பேசத் தலைப்பட்டனர். அவ்வியக்கம் கொள்ளேகாலை எட்டுவதற்குள் எல்லைக்கல் நடப்பட்டுவிட்டது.

இன்றோ பள்ளியின் தரத்தை அளப்பதற்குச் சட்டமே உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அங்கீகாரம் இன்றித் தனியார் பள்ளி நடத்தலாகாது. ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், ஆண்டுக்கு 200 வேலை நாள், குடிநீர், இருபாலார்க்கும் தனித்தனிக் கழிப்பறை, நூலகம் ஆகியவை வேண்டும். 2015-இல் வந்த 'சாலா சித்தி' என்னும் திட்டம், ஏழு துறைகளில் பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளச் செய்கின்றது. கர்நாடக அரசும் பள்ளிகளை மதிப்பிடத் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தியுள்ளது.

இவை யாவும் வேண்டுவனவே. எனினும், சுவரையும் குழாயையும் எண்ணுவது எளிது. வீட்டில் தமிழ் பேசும் ஆறு வயதுக் குழந்தை, ஆசிரியர் சொல்வதை விளங்கிக்கொள்கின்றதா என்பதை எண்ணிக் காட்டும் படிவம் அரிது. எல்லா வசதியும் நிறைந்த பள்ளியிலும் அக்குழந்தை வாய்மூடி அமர்ந்திருக்கக்கூடும்.

இதற்கும் வழி உண்டு, பலர் அறியார். 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள், ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ இருப்பின் அவர்தம் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டுமென முடிவு செய்தனர். 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ உறுப்பு, தொடக்க நிலையில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கின்றது. கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்றே உரைக்கின்றது. கன்னடத்தை விலக்குமாறு நான் கூறவில்லை. 2015-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டப்படி அது முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். அங்கு வாழும் பிள்ளைக்கு அது நலமே பயக்கும்.

ஆனால், பத்துப் பெயர்களை எழுதிக் கொடுப்பார் எவருமில்லையெனில் அந்தப் பத்து, கணக்கிலேயே ஏறுவதில்லை. ஓய்வுபெறும் தமிழாசிரியரின் இடமும் ஓசையின்றி மறைந்துபோகலாம். அப்பால் அதனைத் திரும்பப் பெறுதல் பெரும்பாடு.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் 2001 முதல் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுக்கள் உள்ளன. அவற்றில் பெற்றோர் உறுப்பினராகலாம். மேம்பாட்டுத் திட்டம் வகுக்கையில் குரல் எழுப்பலாம். அங்கே பள்ளியாண்டு மே இறுதியிலோ சூன் தொடக்கத்திலோ தொடங்குவதால், தமிழ் வேண்டுவோர் பிப்ரவரியிலேயே தம் பிள்ளைகளின் பெயர், வயது, வகுப்பு ஆகியவற்றை எழுதித் தலைமையாசிரியரிடம் ஒரு படியும், வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒரு படியும் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெங்களூரிலோ மும்பையிலோ வாழும் அன்பர்களும் தத்தம் ஊர்ப் பள்ளிகளில் இவ்வாறே கேட்டுப் பார்க்கலாம்.