கிழமைகளில் குடியிருக்கும் ஊர்

புனேக்காரர் ஒருவரிடம் "வீடு எங்கே?" என்று கேட்டால், "புதன்கிழமையில்" என்பார். சிரிக்காதீர்கள். அங்கே புத்வார் பேட், ஷனிவார் பேட் என்று ஏழு கிழமைக்கும் ஏழு பேட்டைகள் உண்டு. அந்தந்தக் கிழமையில் சந்தை கூடியதால் வந்த பெயர்கள் என்பார்கள். வணிகர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்து, வரிச்சலுகை கொடுத்து, அன்று புனேயை ஆண்ட பேஷ்வாக்கள் குடியமர்த்திய பேட்டைகள் பல. பெண்பிள்ளைகளுக்காக சாவித்ரிபாய் பூலே 1848இல் பாடம் நடத்தியதும் அந்தப் புதன்கிழமைப் பேட்டையில்தான்.

எல்லாவற்றுக்கும் மூத்தது கஸ்பா பேட். அங்கே தாம்பட் ஆளி என்றொரு தெரு. நம் ஊர்க் கன்னார் தெரு மாதிரி. செம்புப் பாத்திரம் தட்டும் சத்தம் இன்றும் கேட்கிறது. ஊர்த்தெய்வமான கஸ்பா கணபதியும் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறார். பிள்ளையார்களைக் கரைக்கக் கொண்டுபோகும் அனந்த சதுர்த்தசி ஊர்வலத்தில் முதல் மரியாதை இவருக்கே. எத்தனை பெரிய பந்தல் போட்ட பிள்ளையாரும் இவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்!

கிழமைப் பேட்டை பார்க்கப் புனே வரை போவானேன் என்கிறீர்களா? சேலத்துக்குப் போங்கள். செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டை அங்கே இருக்கிறது.