அன்றைக்கே அழுத்தம் பாருங்கள்

கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "மாசமா இருந்தா வீங்கத்தானே செய்யும்!" பெரும்பாலும் அது சரிதான். ஆனால் திடீரென முகம் வீங்குகிறதா? மோதிரம் கழற்ற வரவில்லையா? விடாத தலைவலியா? கண் மங்குகிறதா? மேல்வயிறு வலிக்கிறதா? அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நாளைக்கு அல்ல, அன்றைக்கே.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஏறும் அழுத்தம் வலிப்பு வரை போகலாம். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்த வலிப்பைத் தடுக்கும் மருந்து எது தெரியுமா? மெக்னீசியம் சல்பேட். அந்தக் காலத்தில் வயிறு கழியக் கொடுத்த பேதி உப்புதான். இதற்கு ஆஸ்பத்திரியில் ஊசியாகத்தான் போடுவார்கள். வீட்டு வைத்தியம் வேண்டாம். இந்த ஊசியைப் பற்றி 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு, 2002-இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களில் வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. இத்தனைக்கும் விலை மலிவான மருந்து. எனக்குப் பெரிய ஆறுதல் அதுதான்.

ஆனால் அழுத்தம் ஏறியது தெரிந்தால்தானே ஊசி? எந்த அறிகுறியும் இல்லாமலும் அது ஏறும். அதனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் கேட்டு வாங்கியாவது அழுத்தம் பாருங்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை அழுத்தம் ஏறலாம். அப்போதும் தலைவலி என்றால், அன்றைக்கே.